திறந்தால்தான் நம்புவார்கள்

டன்ஃபோர்டு விரிகுடா, டாஸ்மேனியா
ஜனவரி 27

அக்கா,

போன்ல வேண்டாம். போன வாரம் பேசினோமே, மூணாவது வார்த்தையில நீ கத்தின, நாலாவதுல நான் வெச்சுட்டேன். கடிதத்துல நீ குறுக்கே பேச முடியாது. அதுக்காகத்தான் பேனாவைத் தேடி எடுத்தேன். பத்து வருஷமா பேனா பிடிக்காத கை, எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ.

எல்லாம் செத்துப்போச்சு. போன கோடையில பாதி போச்சுன்னு சொன்னேன் இல்ல, இந்தக் கோடையில மீதி. வெயில் விடாம அடிச்சுது, தண்ணி சூடாச்சு, வைரஸ் வந்து உக்காந்துடுச்சு. கூடையைத் தூக்கினா அத்தனை சிப்பியும் வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கு. நாத்தம் சொல்லி மாளாது. சட்டையை ரெண்டு தடவை துவைச்சும் போகல. கடையில ரொட்டி வாங்கப் போனா ஜனங்க தள்ளி நிக்குது. வேலைக்கு இருந்த ரெண்டு பேரையும் அனுப்பிட்டேன். அதுல ஒருத்தன் அப்பா காலத்து ஆள். கையுறையைக் கழட்டி என் வண்டி மேல வெச்சுட்டுப் போனான்.

இப்போ விஷயத்துக்கு வரேன். வைரசுக்குத் தாங்குற சிப்பியை வளர்க்கணும்னு, சிப்பி ஆராய்ச்சி பண்ற பிரயோனி என் பண்ணை பேரைப் போட்டு எழுதின ஆராய்ச்சி விண்ணப்பம் உங்க வாரியத்துல இருந்து திரும்பி வந்துடுச்சு. அதைப் பேசுற நேரத்துல நீ எங்கே இருந்தியாம்? கதவுக்கு வெளியே. தம்பி விஷயம்னா அக்கா உள்ள இருக்கக் கூடாதாம். நல்ல சட்டம். ஊர்ல இருக்கறவன் எல்லாம் "உனக்கென்னப்பா, அக்காவே மெல்போர்ன்ல மீன் ஆராய்ச்சிப் பணத்தைப் பங்கு போடுற இடத்துல இருக்கா"ன்னு சொல்றான். எனக்குச் சிரிப்பு வருது. கடல்ல இருக்கறவனுக்குத் தண்ணி தவிச்ச கதை.

ஒண்ணு மட்டும் சொல்றேன். கால்வாய் ஓரமா, ஆழமான கோடியில, மூணு கூடை உயிரோட இருக்கு. மூணே கூடை. ரெண்டு கோடையும் தாண்டி நிக்குது. ஆரஞ்சு வளையம் மாட்டி வெச்சிருக்கேன். பிரயோனிக்கு போன் பண்ணினேன், அவ அழுதுட்டா. இதுங்களை வெச்சுக் குஞ்சு எடுத்தா இந்த விரிகுடாவே பிழைக்கலாம்னு சொல்றா. ஆனா அதுக்குப் பணம் உங்க கதவுக்கு உள்ள இருக்கு.

டாரல்


மெல்போர்ன்
பிப்ரவரி 6

அன்புள்ள டாரல்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபப்படாமல் பதில் எழுத மூன்று தடவை தேவைப்பட்டது.

கதவுக்கு வெளியே நின்றது உண்மைதான். உள்ளே இருந்திருந்தால் விண்ணப்பம் நின்றிருக்கும் என்று நினைக்கிறாயா? அக்கா போட்ட பிச்சை என்று சொல்லி அடுத்த வாரமே கிழித்துப் போட்டிருப்பார்கள். அது திரும்பி வந்ததற்குக் காரணம் வேறு. தொழில்காரர்கள் ஒரு பங்கு போட்டால்தான் அரசாங்கம் ஒரு பங்கு போடும். உங்கள் சிப்பி வளர்ப்போர் சங்கம் ஒரு பங்கும் போடவில்லை. டஜனுக்கு இவ்வளவு என்று நீங்கள் கட்டுகிற மகமையைக் கொஞ்சம் கூட்டச் சொல்லிப் பிரயோனி கேட்டாள். மற்ற விரிகுடாக்காரர்கள், எங்கள் கடல் சுத்தமாக இருக்கிறது, டன்ஃபோர்டு செத்தால் எங்களுக்கென்ன என்று கை விரித்துவிட்டார்கள். எங்களைத் திட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்களையும் சேர்த்துத் திட்டு.

ஒரு வழி இருக்கிறது. சிரிக்காதே. தொழில் மாநாடுகளுக்கு எங்கள் வாரியம் சின்னதாக உதவி செய்யும். அது வேறு மேசை, நான் பார்ப்பதில்லை. இந்த வருஷ மாநாட்டை எங்கே வைப்பது என்று உங்கள் சங்கம் இன்னும் முடிவு செய்யவில்லை. உங்கள் ஊரில் வையுங்கள். நாட்டிலிருக்கும் சிப்பிக்காரர்கள் எல்லோரும் வரட்டும். செத்த கூடைகளைப் பார்க்கட்டும், உயிரோடு இருக்கும் மூன்று கூடையையும் பார்க்கட்டும். அங்கேயே கை தூக்கிவிட்டால் வாரியம் மறுபடி எடுத்துப் பார்க்கும். எடுத்தே ஆகவேண்டும்.

அந்த மூன்று கூடையைப் பத்திரமாக வைத்துக்கொள். வேறு எதைத் தொலைத்தாலும் அதைத் தொலைக்காதே.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

ரோவீனா


டன்ஃபோர்டு
பிப்ரவரி 21

அக்கா,

வாய்விட்டுச் சிரிச்சேன். வீடு பத்தி எரியுது, நீ தீயணைப்பு பத்தி ஒரு கருத்தரங்கம் நடத்துன்னு சொல்ற. கழுத்துல அட்டை, தோள்ல துணிப்பை, மேடையில ஒருத்தன் படம் போட்டுக் காட்டுவான், கீழ நூறு பேர் எப்போடா பீர் திறப்பாங்கன்னு பார்த்துக்கிட்டு இருப்பான். அதான் எங்களைக் காப்பாத்தப் போகுதாக்கும்!

அப்படிச் சிரிச்சிட்டு, ராத்திரி முழுக்க உக்காந்திருந்துட்டு, மறுநாள் சங்கத்துக்கு எழுதிப் போட்டுட்டேன். வேற என்ன செய்ய? இருக்கறது அது ஒண்ணுதான்.

ஆனா கேளு. மூணு கூடையில ஒண்ணைக் காணோம். நேத்து படகுல போய்ப் பார்க்கறேன், கம்பியில கொக்கி மட்டும் தொங்குது. காத்து அடிக்கல, அலை அடிக்கல. கூடை தானா நடந்து போகாது. எனக்குத் தெரியும் யாருன்னு. மெர்வின் ஸ்டானர்ட். பக்கத்துக் கடல் குத்தகைக்காரன், ஆழமில்லாத மூலையில இருக்கானே, நம்ம அப்பாவோட இருபது வருஷம் எல்லைக் கம்பத்துக்காகச் சண்டை போட்டவன். அவன்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான், "டாரல் சிப்பியில ஒரு மண்ணும் இல்ல. ஆழத்துல தண்ணி குளிர்ச்சி, வைரஸ் அங்க எட்டிப் பார்க்கவே இல்ல. அதிர்ஷ்டத்துக்கு ஆராய்ச்சிப் பணமா?"ன்னு.

போய் நேருக்கு நேர் கேட்டேன். மூஞ்சி செவந்து போச்சு. "ஸ்டானர்ட் குடும்பத்துல எவனும் அடுத்தவன் கூடையைத் தொட்டதில்ல"ன்னு கதவைச் சாத்திட்டான். இந்த விரிகுடாவுல கொலை பண்ணினவனோட கூடப் பேசுவாங்க, கூடை திருடினவனோட பேச மாட்டாங்க. அதனால அவன் ஒத்துக்கவும் மாட்டான்.

ரெண்டு இருக்கு. ரெண்டுதான் இருக்கு.

டாரல்


மெல்போர்ன்
மார்ச் 3

டாரல்,

ஆதாரம் இல்லாமல் ஒரு மனிதரைத் திருடன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். மாநாட்டுக்கு ஊர் மொத்தமும் உன்னோடு நிற்க வேண்டிய நேரத்தில் இது தேவையா? கடல்நாய் இழுத்திருக்கலாம். கொக்கி துருப்பிடித்திருக்கலாம்.

அதற்காக எழுதவில்லை. உன்னிடம் இருந்த, அப்பா காலத்து வேலைக்காரர் நேற்று எனக்கு போன் பண்ணினார். நீ காலையிலிருந்து சாயங்காலம் வரை காலிக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறாயாம். கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். என்ன கேட்டாலும் "ம்" என்கிறாயாம். அவர் சுற்றி வளைத்துத்தான் சொன்னார், ஆனால் எதைச் சொல்ல வந்தார் என்று எனக்குப் புரிந்தது.

அப்பாவின் முயல் சுடும் துப்பாக்கி அந்தக் கொட்டகை அலமாரியில்தானே இருக்கிறது?

தயவு செய்து அதை அங்கிருந்து அப்புறப்படுத்து. லைசென்ஸும் பூட்டுப் பெட்டியும் இருக்கிற யாரிடமாவது கொடுத்து வை. ஏன் எதற்கு என்று என்னோடு சண்டை போட வேண்டாம். கொடுத்துவிட்டு எழுது. அப்புறம் டாக்டரைப் போய்ப் பார். நான் அடுத்த வாரம் லீவு போட்டு வரட்டுமா?

ரோவீனா


டன்ஃபோர்டு
ஏப்ரல் 11

அக்கா,

அன்னிக்கு போன்ல ஒத்தை வார்த்தையில சொன்ன மாதிரி, கொடுத்தாச்சு. நிம்மதியாத் தூங்கு. வர வேண்டாம், வந்தா ரெண்டு பேரும் அடிச்சுக்குவோம்.

யார்கிட்ட கொடுத்தேன்னு கேட்டா நீ நம்ப மாட்ட. இந்தப் பக்கத்துல பூட்டுப் பெட்டி இருக்கற ஒரே ஆளு மெர்வின்தான். வெக்கத்தை விட்டுப் போனேன். கதவைத் திறந்தான், துப்பாக்கியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் "கொஞ்ச நாளைக்கு"ன்னு சொன்னேன். வாங்கி உள்ள வெச்சான். பெட்டியைப் பூட்டினான். மறுநாள் காலையில ஸ்பேனர் வேணும்னு வந்து நிக்கறான். அதுக்கு மறுநாள் டீத்தூள். அப்புறம் கயிறு. தினமும் காலையில ஏதாவது ஒண்ணு. கொட்டகையில கால் நாழி நின்னு சும்மா கடலைப் பார்த்துட்டுப் போறான். வாங்கினது ஒண்ணையும் திருப்பித் தரல, கடன்காரப் பய. நாலு ஸ்பேனர் இருந்தது, ஒண்ணு கூட மிச்சமில்ல.

டாக்டரையும் பார்த்தேன். மாத்திரை கொடுத்திருக்கார். முழுங்கறேன்.

மார்ச் கடைசியில வெயில் இன்னொரு வாட்டி வந்து அடிச்சுது. மெர்வினோட மூலை முழங்கால் ஆழம், கஞ்சி மாதிரி கொதிச்சுது. அவன்கிட்ட மிச்சம் மீதி இருந்ததும் போச்சுன்னு ஊர்ல பேசிக்கறாங்க. அவன் வாயே திறக்கல. என்னோட ரெண்டு கூடை தாக்குப் பிடிச்சுது.

மாநாடு ஓகே ஆயிடுச்சு. ஆகஸ்ட்ல, நம்ம ஃபுட்பால் கிளப் ஹால்ல. உங்க வாரியம் பணம் அனுப்புது, துணிப்பையில உங்க சின்னத்தை அச்சடிக்கணுமாம். அடிச்சுக்கோங்க. பிரயோனி வந்து பேசுவா. அவ பேசும்போது ரெண்டு கூடையையும் ஹால்ல வெச்சுக் காட்டணும்னு சொல்றா. ஆகஸ்ட் குளிர்ல தண்ணிக்கு வெளியே ஒரு வாரம் வரைக்கும் சாகாது, குளிர் அறையில வெச்சுட்டுத் திருப்பிக் கடல்ல விட்டா ஆச்சு. அப்புறம் செப்டம்பர்ல பொரிப்பகத்துக்குக் கொண்டு போவா.

நீ வரணும். கேட்டுக்கறேன், அக்கா. எனக்குக் கூட்டத்துல பேச வராது. நீ முன் வரிசையில உக்காந்தா போதும்.

டாரல்


மெல்போர்ன்
ஜூலை 30

டாரல்,

எப்படி எழுதினாலும் உனக்குக் கோபம் வரும், அதனால் நேராக எழுதுகிறேன். நான் வர முடியாது. மேலதிகாரியிடம் கேட்டேன். தம்பியின் விண்ணப்பத்துக்காகக் கை தூக்குகிற கூட்டத்தில் வாரியத்து ஆளாக நான் உட்கார்ந்திருந்தால் அந்த ஓட்டே செல்லாது என்று யாராவது கிளப்புவார்கள். கிளப்பாவிட்டாலும் கிளப்ப முடியும்.

இரண்டாவது தடவையாகக் கதவுக்கு வெளியே. தெரிகிறது.

பேசும்போது அவசரப்படாதே. யார் சீண்டினாலும் பதில் சொல்லாதே. உனக்கு ரோஷம் வந்தால் புத்தி வேலை செய்யாது, அப்பாவுக்கும் அப்படித்தான். பிரயோனியைப் பேச விடு.

ரோவீனா


டன்ஃபோர்டு
ஆகஸ்ட் 23

அக்கா,

நாம ஜெயிச்சுட்டோம். உனக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். எல்லா விரிகுடாவும் கை தூக்கிடுச்சு. மகமையைக் கூட்ட ஒத்துக்கிட்டாங்க.

இப்போ நான் எழுதப் போறதை வேற யாருக்கும் சொல்லல. உனக்கும் சொல்லக் கூடாதுன்னுதான் ரெண்டு நாள் இருந்தேன். முடியல.

முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு விருந்து. வழக்கம்போல சிப்பி திறக்கற போட்டி வெச்சிருந்தாங்க. போட்டிக்கும் விருந்துக்கும் சிப்பி தெற்கு ஆஸ்திரேலியாவுல இருந்து வரணும். கடல் கொந்தளிப்புன்னு கப்பல் கிளம்பல. பிரயோனியோட விமானமும் மூடுபனியில மாட்டிக்கிட்டு மறுநாள் காலையிலதான்னு சொல்லிட்டாங்க. ஹால்ல நூறு பேர், கையில பீர். சிப்பிக்காரன் மாநாட்டுல ஒரு சிப்பி கிடையாது, தொத்திறைச்சியும் தக்காளி சாஸும்தான். மானம் போச்சு. நீயும் இல்ல.

நெவில்னு ஒரு பெரிய கை, தெற்குல பாதிக் கடல் அவனோடது. எந்திரிச்சான். "என்னப்பா டாரல், உயிரோட இருக்குன்னு சொல்றியே, உன் அதிசயச் சிப்பி, அது எங்கே?"ன்னான். ரெண்டு கூடையையும் குளிர் அறையில இருந்து கொண்டாந்து மேசை மேல வெச்சேன். எல்லாரும் கூடி நின்னு பார்த்தாங்க. தட்டிப் பார்த்தாங்க. மோந்து பார்த்தாங்க. நெவில் சொல்றான், "ஓட்டைப் பாத்து ஓட்டுப் போடச் சொல்றியா? ரெண்டு வருஷம் நோயில கிடந்தது, உள்ள சதை இருக்கா, தண்ணி இருக்கான்னு யாருக்குத் தெரியும்? திறந்து காட்டு."

உனக்குத் தெரியும், நம்ம தொழிலோட சாபக்கேடு இது. மாட்டுக்காரன் மாட்டை வெட்டாமலே முதுகைத் தட்டி விலை சொல்லிடுவான். சிப்பிக்காரனுக்குத் திறந்தாத்தான் நம்பிக்கை, நாக்குல வெச்சாத்தான் நம்பிக்கை. திறந்தா அது செத்துடும்.

ஒண்ணே ஒண்ணுன்னு நினைச்சுத்தான் கத்தியை எடுத்தேன். சத்தியமா ஒண்ணு. திறந்து நெவில் கையில கொடுத்தேன். வாயில போட்டான், மென்னான், கண்ணை மூடினான். "அடப்பாவி"ன்னான். அவ்வளவுதான். "எனக்கு?"ன்னு ஒருத்தன். "எங்க விரிகுடாவுக்கு ஒண்ணு கொடுப்பா, நாங்களும் மகமை கட்டறவங்கதானே"ன்னு இன்னொருத்தன். ஒரு வயசான அம்மா தின்னுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "செத்த கடல்னு சொன்னாங்களேப்பா"ன்னு அழுதுட்டாங்க. ரெண்டு கோடையா என் தண்ணியைப் பத்தி ஒருத்தனும் நல்ல வார்த்தை சொன்னதில்ல, அக்கா. கை நிக்கல. திறந்துக்கிட்டே இருந்தேன். முதல் கூடை காலி. நெவில் கேக்கறான், "இன்னும் இருக்கா, இல்ல இதோட சரியா?" சிப்பிக்காரன் எவனாவது என் கூடை காலின்னு சொல்லுவானா? "தாராளமா இருக்கு, கடல்ல இன்னும் கெடக்கு"ன்னு சொல்லிட்டேன். ரெண்டாவது கூடையையும் இழுத்துக்கிட்டேன்.

மெர்வின் மட்டும் பின்னால செவுத்துல சாஞ்சு நின்னான். தட்டை நீட்டினாங்க, தொடல. என்னையே பார்த்துக்கிட்டு இருந்தான். பொறாமைன்னு நினைச்சேன். அவன் பார்க்கறானேன்னு இன்னும் வேகமாத் திறந்தேன்.

பிரயோனி வர வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்னு நெவில் அங்கேயே கை தூக்கச் சொன்னான். எல்லாக் கையும் எந்திரிச்சுது. மெர்வின் கையும். என்னைத் தோள்ல தூக்காத குறை.

எல்லாரும் போனப்புறம் மேசையைத் துடைக்கப் போனேன். ஓடு மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு. நடுவுல ரெண்டு ஆரஞ்சு வளையம்.

விதைக்கு வெச்சதைச் சோறாக்கிட்டேன், அக்கா. அதுவும் விதைக்குப் பணம் கேக்கறதுக்காக.

மறுநாள் பிரயோனி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக் குதிச்சா. "எங்கே என் செல்லங்கள்?"ன்னா. "தின்னது கொஞ்சம்தான், மீதியைக் கடல்ல திரும்ப விட்டுட்டேன்"னு சொன்னேன். வாய் தானா சொல்லிடுச்சு. செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி வண்டி எடுத்துக்கிட்டு வரா.

தாமதமா வந்த தெற்குச் சிப்பி குளிர் அறையில மூட்டையா இருக்கு. அதே அளவு. ஆரஞ்சு வளையம் என் பாக்கெட்டுல இருக்கு. வளையத்தை மாட்டிக் கடல்ல விட்டுட்டா யாருக்குத் தெரியும்? பிரயோனிக்கே தெரிய ரெண்டு வருஷம் ஆகும். அதுக்குள்ள நான் இருக்கேனோ என்னவோ.

டாரல்


மெல்போர்ன்
ஆகஸ்ட் 27

டாரல்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் கழிப்பறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். நேற்றுத்தான் வாரியம் பிரயோனியின் ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போட்டது. எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள்.

இதைப் படிக்கவில்லை என்று நான் நடிக்க முடியாது. நீ அந்தத் தெற்குச் சிப்பிக்கு வளையம் மாட்டிக் கொடுத்தால், வாரியத்தில் போய்ச் சொல்வேன். தம்பி என்று பார்க்க மாட்டேன். அந்த அம்மா அழுதார்களே, அவர்களுடைய காசும் அதில் இருக்கிறது. இரண்டு வருஷம் பிரயோனி உன் பொய்யைத் தொட்டியில் போட்டு வளர்ப்பாள். அதற்கடுத்த கோடையில் அது செத்துப்போகும். அப்போது இந்த நாட்டில் ஒருவரும் சிப்பி ஆராய்ச்சிக்கு இன்னொரு தடவை கை தூக்க மாட்டார்கள்.

அவளிடம் சொல்லு. வண்டி வந்து நிற்கிறபோது, வாசலிலேயே சொல்லு.

இவ்வளவும் ஆபீஸ்காரி எழுதினது. இப்போ அக்கா எழுதறேன்.

அந்தக் கடைசி வரி. அதுக்குள்ள இருக்கேனோ என்னவோன்னு எழுதியிருக்கியே. அப்படி எழுதாதேடா. பயமா இருக்கு. போன் பண்ணினேன், ஏழு தடவை பண்ணினேன், நீ எடுக்கல. மெர்வின் நம்பரைத் தேடிப் பிடிச்சு அவருக்குப் பண்ணினேன். "கொட்டகையில இருக்கான், இப்பதான் பார்த்துட்டு வந்தேன், துப்பாக்கி என் பெட்டியில இருக்கு, சாவி என் கழுத்துல இருக்கு"ன்னு ஒரே மூச்சுல சொன்னார். நான் எதுவுமே கேக்கலடா. அப்போதான் தெரிஞ்சுது அவர் எதுக்குத் தினமும் டீத்தூள் கேட்டு வர்றார்னு. உன் மரமண்டைக்கு இன்னும் தெரியல.

எனக்குச் சிப்பி வேண்டாம். ஆராய்ச்சி வேண்டாம். மாநாடும் மண்ணும் வேண்டாம். தோத்துட்டேன்னு ஊர் முன்னாடி நின்னு சொல்லு, கேலி பண்ணட்டும், குத்தகை போகட்டும். என் வீட்டுப் பின்னறை காலியாத்தான் இருக்கு. பன்னிரண்டாம் தேதியில இருந்து ரெண்டு வாரம் லீவு போட்டிருக்கேன், கூப்பிட்டா உடனே கிளம்பி வரேன். இந்தத் தடவை கதவு எந்தப் பக்கம் திறக்குதோ அந்தப் பக்கம் நான் நிப்பேன்.

ரோ


டன்ஃபோர்டு
செப்டம்பர் 13

அக்கா,

முதல்ல இதைச் சொல்லிடறேன்: நான் நல்லா இருக்கேன். தூங்கி எந்திரிச்சு, ரெண்டு முட்டை தின்னுட்டு எழுதறேன்.

தெற்குச் சிப்பியை உன் கடிதம் வந்த அன்னிக்கே குப்பைக் கிடங்குல கொண்டு போய்க் கொட்டிட்டேன். இருந்தா கை அரிக்கும்னு தெரியும்.

நேத்து காலையில பிரயோனி வண்டி வந்து நின்னுது. மெர்வின் அப்போதான் ரம்பம் கடன் கேட்டு வந்து நின்னுக்கிட்டு இருந்தான். அவன் போகட்டும்னு பார்த்தேன், போகல. சரி, கேலி பண்ற முதல் ஆளு அவனாவே இருக்கட்டும்னு, அவன் முன்னாடியே சொல்லிட்டேன். "பிரயோனி, ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு கூடையும் ஹால்ல திறந்து கொடுத்துட்டேன். எல்லாம் தின்னாச்சு. உன்கிட்ட சொன்னது பொய்."

அவ சிரிச்சா, விளையாடறேன்னு நினைச்சு. அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்தா. "ஒண்ணு கூட இல்லையா?"ன்னா. "ஒண்ணு கூட இல்ல." வண்டிப் படியில உக்காந்துட்டா. திட்டியிருந்தாத் தேவல. தரையைப் பார்த்துக்கிட்டே இருந்தா. நான் பாக்கெட்டுல இருந்த ரெண்டு வளையத்தையும் எடுத்து அவ பக்கத்துல வெச்சேன். வேற கொடுக்க என்கிட்ட எதுவும் இல்ல.

மெர்வினைக் காணோம். போயிட்டான், ஊருக்குத் தண்டோரா போடத்தான்னு நினைச்சேன். கொஞ்ச நேரத்துல அவன் படகுச் சத்தம் கேக்குது. நம்ம படகுத்துறைச் சரிவுல கொண்டாந்து ஏத்தறான். படகுல ஒரு கூடை. பாசி புடிச்சு, பாதி உடைஞ்சு, ஓரத்துல ஆரஞ்சு வளையம்.

அந்த வளையத்தை மாட்டினதே நான்தான்.

"பிப்ரவரியில எடுத்தேன்"னான் மெர்வின். என்னைப் பார்க்கல, பிரயோனியைப் பார்த்துச் சொன்னான். "திருடினேன்னே வெச்சுக்கோ, நானும் அப்படித்தான் வெச்சிருக்கேன். இவன் பண்றது வெறும் அதிர்ஷ்டம்னு காட்டணும். என் மூலையில, கொதிக்கிற தண்ணியில கட்டித் தொங்கவிட்டேன். செத்துடும், செத்ததைக் கொண்டாந்து சங்கத்து மேசையில கொட்டறேன்னு கங்கணம் கட்டிக்கிட்டேன். மார்ச்ல என் சிப்பி அத்தனையும் போச்சு. இதுல முக்கால்வாசி போச்சு. மீதி சாகவே மாட்டேங்குது. என்ன பண்ணச் சொல்ற?"

"அப்புறம் ஏண்டா திருப்பித் தரல?"ன்னு நான் கத்தினேன். அடிக்கவே போயிட்டேன், அக்கா.

"எப்படித் தர்றது? தினம் காலையில தரணும்னுதான்டா வந்தேன். உன் மூஞ்சியைப் பார்த்தா வேற பயம் வந்துடும். ஸ்பேனரைக் கேட்டுட்டுப் போயிடுவேன்."

பிரயோனி எங்க ரெண்டு பேரையும் தள்ளிக்கிட்டு வந்து கூடைப் பக்கத்துல மண்டி போட்டா. "வாயை மூடுங்க ரெண்டு பேரும். எந்த மூலை? மார்ச்லயா? பக்கத்துக் கூடையில இருந்தது எல்லாம் செத்துதா?" மெர்வின் ஆமாங்கறான். அவ ஒவ்வொண்ணா எடுத்துத் தட்டிப் பார்க்கறா, வாய் இறுக்கமா மூடியிருக்கான்னு. கண்ணுல தண்ணி ஓடுது, துடைக்கக் கூட இல்ல. "டாரல், உன் சிப்பி ஆழத்துல நோயைத் தாங்கிப் பிழைச்சுதா, இல்ல நோயே படாமத் தப்பிச்சுதான்னு எனக்கே சந்தேகம் இருந்தது, உன்கிட்ட சொல்லல. இதுங்க தப்பிக்கல. நோய்க்கு நடுவுல உக்காந்து பிழைச்சிருக்கு"ன்னா.

இருபத்தி மூணு இருந்தது. போதுமான்னு கேட்டேன். போதும்னும் சொல்லல, போதாதுன்னும் சொல்லல. ஈரச் சாக்கு கேட்டா. எடுத்துக் கொடுத்தேன். குழந்தையைப் போத்தற மாதிரி போத்தி, முன் சீட்டுல வெச்சு, பெல்ட் போட்டுக்கிட்டுப் போனா. கிளம்பும்போது, நடந்ததை நடந்தபடியே வாரியத்துக்கு எழுதிடுவேன்னு சொன்னா. எழுதுன்னு சொன்னேன். மறுபடி நீ கதவுக்கு வெளியே நிக்க வேண்டி வரும், மன்னிச்சுக்கோ. மெர்வின் எடுத்த கதையை இந்த ஊர்ல நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல.

வண்டி போனதும் ரெண்டு பேரும் சரிவுலயே நின்னோம். அவன் போகும்போது ரம்பத்தை எடுத்துக்கிட்டுத்தான் போனான். இன்னிக்குக் காலையிலயும் வந்தான், எலுமிச்சம்பழம் வேணுமாம். துப்பாக்கியை நான் திருப்பிக் கேக்கல. அவனும் தரேன்னு சொல்லல.

மிச்சம் இருக்கற லீவை ரத்து பண்ணாதே, வா. நானே படகுல போய் மீன் புடிச்சு வறுத்து வைக்கறேன், மெர்வினும் வருவான். சிப்பி மட்டும் கேக்காதே. நீ கேட்டாலும் திறக்க மாட்டேன்.

டாரல்